பீ என்று எழுதலாமா? லத்தீன் சொற்கள் வழியே ஒரு வரலாறு

சென்ற ஆண்டு ஒரு களஆய்வு அறிக்கையை முடித்துக்கொண்டிருந்த இரவில், எங்கள் குழுவுக்குள் ஒரு சொல்லுக்காகச் சண்டை வந்தது. ஒரு பேரூராட்சியில் ஒப்பந்தக் கூலியாகத் தெருவோரம் அள்ளுகிற அம்மா ஒருவரின் வாக்குமூலம் அது. "விடிகாலை நாலு மணிக்குப் போயி பீ அள்ளுவோம்" என்று சொல்லியிருந்தார். தட்டச்சு செய்த தோழர் அதை "மனிதக் கழிவுகளை அகற்றும் பணியில் ஈடுபடுகிறோம்" என்று மாற்றிவிட்டார்.

"ஆட்சியர் மேசைக்குப் போகிற காகிதம். அந்தச் சொல்லைப் போட்டால் முதல் பக்கத்திலேயே மூடிவைத்துவிடுவார்கள்" என்பது அவர் வாதம். "அம்மா சொன்னதை மாற்ற நமக்கு யார் உரிமை கொடுத்தது?" என்றார் இன்னொரு தோழர். பேச்சு சூடாகிக்கொண்டிருந்தபோது சட்டம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "இங்கிலீஷ் அறிக்கையில 'ஹியூமன் எக்ஸ்க்ரீட்டா'ன்னு போடுறோமே, அது மட்டும் என்ன பூவா?"

யாரிடமும் பதில் இல்லை. 1993-ஆம் ஆண்டுச் சட்டமும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகின்றன. அது லத்தீன். லத்தீனில் சொன்னால் நாற்றம் போய்விடுகிறதா? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு சில மாதங்கள் அகராதிகளோடு கிடந்தோம். நாங்கள் லத்தீன் பண்டிதர்கள் இல்லை. ஜே. என். ஆடம்ஸ் 1982-இல் லத்தீனின் பாலியல் சொற்களைப் பற்றி எழுதிய நூலின் கடைசியில், உடற்கழிவுச் சொற்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். அங்கே தொடங்கினோம். படிக்கும்போது எங்களுக்கு இருந்த கேள்வி ஒன்றுதான்: இந்தச் சொல் எந்தப் பொருளைக் குறித்ததோ, அந்தப் பொருளை அள்ளியது யார்?

நம் தெருவிலிருந்தே தொடங்கலாம். 'கக்கூஸ்' என்ற சொல்லை நம்மில் பலர் நாகரிகமற்ற தமிழ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது டச்சுச் சொல். டச்சு மொழியில் 'கக்' என்றால் மலம், 'ஹவுஸ்' என்றால் வீடு. இரண்டும் சேர்ந்து 'கக்ஹவுஸ்'. டச்சுக் கம்பெனி பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1658-இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தும் இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. பீரங்கியும் போனது, கணக்குப் புத்தகமும் போனது. கக்கூஸ் மட்டும் நின்றுவிட்டது. சிங்களத்தில் அது 'கக்குஸ்ஸிய'. இந்தோனேசியாவில் 'ககுஸ்'. டச்சுக்காரன் கப்பல் கட்டிப்போன இடமெல்லாம் இந்தச் சொல்லும் இறங்கியிருக்கிறது.

அந்த டச்சு 'கக்', லத்தீன் வினைச்சொல்லான 'கக்காரே'வோடு உறவுடையது. நேரடியாக அதிலிருந்து வந்தது என்பார் உண்டு. உலகமெங்கும் குழந்தைகள் வாயில் தானாகப் பிறக்கிற சொல் என்பாரும் உண்டு. இரண்டாவது வாதத்துக்கு நம் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. நம் குழந்தைகளும் 'கக்கா' என்றுதான் சொல்கிறார்கள். அவர்களுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. கிரேக்கக் குழந்தையும் ஐரிஷ் குழந்தையும் ஏறக்குறைய இதே ஒலியைத்தான் எழுப்பியிருக்கின்றன. லத்தீன் 'கக்காரே'யின் பிள்ளைகள் இன்றும் நன்றாக இருக்கிறார்கள். இத்தாலியில் 'ககாரே', ஸ்பெயினில் 'ககார்', ருமேனியாவில் 'ககா'. பிரெஞ்சில் மட்டும் ஒலி தேய்ந்து 'ஷியே' ஆகிவிட்டது. ரோமப் பேரரசு ஒன்றுக்கும் உதவாமல் இடிந்து விழுந்தது. சிசரோவின் அலங்கார நடையை எந்த நாட்டுத் தெருவிலும் இன்று யாரும் பேசுவதில்லை. தாய் குழந்தையைக் கால்மேல் வைத்துக்கொண்டு சொன்ன சொல் இரண்டாயிரம் ஆண்டுகளாக வாயிலிருந்து வாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு 'மெர்தா'. இது பெயர்ச்சொல், நம் 'பீ'க்கு நேர் இணை. இத்தாலியிலும் போர்த்துக்கலிலும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் மெர்தா. ஸ்பெயினில் மியெர்தா, பிரான்சில் மெர்த். ரோமில் இதை நாடகத்திலும் வசைக்கவிதையிலும் சுவர்க் கிறுக்கலிலும் எழுதலாம். சபையில் பேச முடியாது. இதே சங்கடத்தைப் பற்றி சிசரோ தன் நண்பர் பைட்டுஸுக்கு ஒரு முழுக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆபாசம் சொல்லில் இருக்கிறதா, பொருளில் இருக்கிறதா? இரண்டிலும் இல்லை என்றால் எதற்கு இந்தக் கூச்சம்? அவர் அடுக்கிய கேள்விகள் எங்கள் அறிக்கைச் சண்டையில் எழுந்தவைதான். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் அடக்கமாகப் பேசுவதே எனக்குப் பழக்கம் என்று ஒதுங்கிக்கொள்கிறார். மேல்தட்டு மனிதர் வேறென்ன செய்வார்.

பிரான்சில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பெயர் 'கம்ப்ரோனின் சொல்'. 1815-இல் வாட்டர்லூவில் சரணடையச் சொன்ன ஆங்கிலேயரிடம் நெப்போலியனின் தளபதி கம்ப்ரோன் 'மெர்த்' என்றாராம். தான் சொல்லவில்லை என்று அவரே பின்னால் மறுத்தார், கதை நிற்கவில்லை. விக்டர் ஹியூகோ 1862-இல் வந்த தன் நாவலில் அந்தச் சொல்லை அப்படியே அச்சேற்றினார். சுத்தானந்த பாரதியார் தமிழில் 'ஏழை படும் பாடு' என்று கொண்டுவந்த அதே நாவல்தான். அதே நூலில் பாரிஸின் பாதாளச் சாக்கடையைப் பற்றியும் பல பக்கங்கள் எழுதி, இந்த நகரம் வயலுக்குப் போக வேண்டிய எருவைக் கடலில் கொட்டி ஆண்டுக்கு இரண்டரைக் கோடி பிராங்க் நட்டப்படுகிறது என்று கணக்குப் போடுகிறார். இன்றும் பிரெஞ்சு நாடகக்காரர்கள் மேடை ஏறுமுன் ஒருவருக்கொருவர் 'மெர்த்' சொல்லிக்கொள்கிறார்கள். அது வாழ்த்து. வண்டி வண்டியாகக் கூட்டம் வந்தால் வாசலில் குதிரைச் சாணமும் குவியும் என்பதால் வந்த வழக்கம் என்று விளக்கம் சொல்வார்கள்.

வயலுக்குப் போனால் லத்தீனின் முகமே மாறிவிடுகிறது. அங்கே சொல் 'ஸ்டெர்குஸ்'. எரு என்ற பொருளில் இதை யாரும் கூச்சமில்லாமல் எழுதலாம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் பண்ணை நிர்வாகம் பற்றி நூல் எழுதிய கேட்டோ, எருக்குழி பெரிதாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார். கி.பி. 1-ஆம் நூற்றாண்டின் கொலுமெல்லா எருவைத் தரம் பிரிக்கிறார். முதலிடம் பறவை எச்சத்துக்கு, அதிலும் புறா எச்சத்துக்கு. இரண்டாமிடம் மனித மலத்துக்கு. ஆடுமாட்டுச் சாணம் அதற்கும் கீழே. எரு இடுவதைக் கண்டுபிடித்தவன் என்று ஸ்டெர்குடியுஸ் என்ற தெய்வம் கூட அவர்களுக்கு இருந்தது. இத்தாலியின் ஸ்டெர்கோ, ஸ்பெயினின் எஸ்தியெர்கோல், போர்த்துக்கலின் எஸ்தெர்கு எல்லாம் இந்தச் சொல்லின் வழிவந்தவை. எருவுக்கு இன்னொரு சொல்லான 'ஃபிமுஸ்' பிரெஞ்சில் 'ஃப்யூமியே' ஆகி, இன்றும் தொழுவத்துக் குப்பையைக் குறிக்கிறது.

இடம் மாறினால் அழுக்கு எருவாகும், எரு அழுக்காகும் என்பது சமூகவியல் வகுப்பில் மேரி டக்ளஸைப் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். நாங்களும் தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தவர்கள். ஆனால் கேட்டோவின் பண்ணையில் பொருளுக்குக் கிடைத்த மரியாதை அதை அள்ளியவனுக்குக் கிடைக்கவில்லை. எருக்குழியை இவ்வளவு அக்கறையாகப் பேணச் சொல்லும் அதே கேட்டோ, கிழட்டு மாடு, பழைய வண்டி, உடைந்த கருவி ஆகியவற்றோடு வயதான அடிமையையும் நோயாளி அடிமையையும் விற்றுவிடச் சொல்கிறார். ஒரே பட்டியல். அடுத்து வந்த வார்ரோ, பண்ணைக் கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார். வண்டி பேசாத கருவி, மாடு பாதி பேசும் கருவி, அடிமை பேசும் கருவி.

ஸ்டெர்குஸ் கோயிலுக்குள்ளும் இருந்தது. ரோமில் வெஸ்தா தேவியின் கோயிலை ஆண்டுக்கொருமுறை ஜூன் 15 அன்று கூட்டிப் பெருக்கி, அந்தக் குப்பையை வெளியே கொண்டுபோவார்கள். அது போய்ச் சேரும்வரை அந்த நாள் ஆகாத நாள். வழக்கு விசாரணை கூடாது. போன பிறகே நாள் தெளியும். இதை அவர்களுடைய நாட்காட்டியிலேயே சுருக்கெழுத்தில் குறித்துவைத்திருந்தார்கள். குப்பை போகும் வாசலுக்குப் பெயர் 'போர்டா ஸ்டெர்கொராரியா', எருவாசல். தீட்டுக் கழிக்கும் கணக்கு நமக்கு மட்டும் உரியதல்ல.

சிறுநீர் விஷயத்தில் லத்தீன் இன்னும் வேடிக்கையானது. 'உரீனா' என்ற சொல்லைப் பல மொழிகளின் மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர் ஆய்வகச் சீட்டிலும் 'யூரின்' என்றே வருகிறது. தெருச்சொல்லோ வேறு: இத்தாலியின் பிஷாரே, பிரெஞ்சின் பிஸே எல்லாம் ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்தவை. இவற்றுக்கு நடுவே 'லோடியும்' என்று ஒரு சொல் இருந்தது. அதைக் 'கழுவுதல்' என்ற வினையோடு சேர்த்தே விளக்குவார்கள். காரணம், புளித்த சிறுநீரில் அம்மோனியா இருக்கிறது. ரோமின் சலவைப் பட்டறைகளில் கம்பளித் துணியை வெளுக்க அதைத்தான் பயன்படுத்தினார்கள். தொட்டியில் சிறுநீரை ஊற்றி, துணியைப் போட்டு, காலால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். செனட்டரின் வெள்ளை அங்கியின் வெண்மை யாரோ ஒருவரின் வெந்துபோன காலில் இருந்தது.

இந்தச் சிறுநீருக்கு வெஸ்பாசியன் என்ற பேரரசர் (ஆட்சி கி.பி. 69–79) வரி போட்டார். மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது, வரியில் வந்த காசை அவன் மூக்கருகே பிடித்து நாறுகிறதா என்று கேட்டார் என்று சுவெடோனியுஸ் எழுதுகிறார். அதன் பலன், பிரெஞ்சில் பொதுச் சிறுநீர்க் கழிப்பிடத்துக்கு 'வெஸ்பாசியென்', இத்தாலியில் 'வெஸ்பாசியானோ' என்று பெயர். வரி போட்டவனின் பெயர் இரண்டு மொழிகளில் நிற்கிறது. தொட்டியில் மிதித்தவர்களின் பெயரில் எந்த மொழியிலும் ஒரு சொல்கூட இல்லை.

இனி அந்த இடத்துக்கான சொற்கள். நன்னூல் படித்த மாணவர்களுக்கு இடக்கரடக்கல் நினைவிருக்கும்: 'கால் கழுவி வந்தேன்'. லத்தீன்காரர்கள் செய்ததும் அதேதான். 'லவாட்ரீனா' என்றால் கழுவுமிடம். அது சுருங்கி 'லாட்ரீனா' ஆகி, ஆங்கிலத்தில் லெட்ரின், ஸ்பானிஷில் லெத்ரீனா. 'லாவட்டரி'யும் கழுவுமிடமே. 'டாய்லெட்' இன்னும் சுற்றிவளைத்து வருகிறது. லத்தீனில் 'தேலா' என்றால் நெய்த துணி. அது பிரெஞ்சில் 'துவால்'. சின்னத் துணி 'துவாலெத்', அதாவது ஒப்பனை மேசைமேல் விரிக்கும் துணி. பிறகு ஒப்பனை, பிறகு ஒப்பனை அறை, கடைசியில் நாம் அறிந்த டாய்லெட். துணிவிரிப்பில் தொடங்கி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். ஒரு மறைப்புச் சொல் புழங்கிப் புழங்கி, மறைக்க வந்த பொருளின் நாற்றத்தையே தானும் பெற்றுவிடுகிறது; உடனே அடுத்த மறைப்புச் சொல்லைத் தேடுகிறார்கள். தோட்டி, துப்புரவுப் பணியாளர், தூய்மைப் பணியாளர் என்று நம் அரசாணைகளில் பெயர்கள் மாறிவந்த வரிசையையும் இதோடு வைத்துப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு திடுக்கிடல். 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பிலேயே 'டிரை லெட்ரின்' என்று இருக்கிறது, உலர் கழிப்பிடம். லெட்ரின் என்றால் கழுவுமிடம் என்று இப்போது தெரியும். அப்படியென்றால் உலர்ந்த கழுவுமிடம்! கழுவுவதற்குத் தண்ணீர் இல்லாத கழுவுமிடம். தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெண்ணை, ஒரு தகரத்தை, ஒரு துடைப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறது இந்தச் சமூகம். அந்தச் சொல்லின் முரணை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அந்த வேலையைச் செய்ய ஆள் எப்போதும் இருந்தார்கள்.

ரோமில் யார் இருந்தார்கள்? ரோமின் பெருஞ்சாக்கடையான க்ளோவாகா மாக்சிமாவுக்குப் போவோம். அதற்கும் தெய்வம் உண்டு. வீனஸ் க்ளோவாசினாவுக்கு நகரின் நடுச்சதுக்கத்திலேயே கோயில். கி.மு. 33-இல் அகஸ்டஸின் வலதுகரமான அக்ரிப்பா சாக்கடைகளைச் சுத்தம் செய்வித்து, உள்ளே படகில் டைபர் நதிவரை போனார் என்று வரலாற்றில் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதைக் கட்டிய கதை வேறு. மூத்த பிளினி எழுதுகிறார்: டர்குவினியுஸ் மன்னன் எளிய மக்களைக் கொண்டு இதைக் கட்டினான். வேலையின் கொடுமை தாங்காமல் ஆங்காங்கே மக்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். மன்னன் வேலையை நிறுத்தவில்லை. செத்தவர்களின் உடல்களைச் சிலுவையில் அறைந்து, ஊர் பார்க்கவும் விலங்கும் பறவையும் தின்னவும் விட்டான். அவமானத்துக்கு அஞ்சித் தற்கொலைகள் நின்றனவாம். நடந்ததா, பிற்காலத்துக் கதையா என்று வரலாற்றாசிரியர்கள் பேசட்டும். சாக்கடையை நினைத்தால் ரோமானியருக்கு எந்தக் கதை நினைவுக்கு வந்தது என்பதே எங்களுக்குப் போதும்.

கட்டி முடித்த சாக்கடையைச் சுத்தம் செய்தவர்களைப் பற்றி அரசு ஆவணமே இருக்கிறது. மேலே சொன்ன பிளினியின் தங்கை மகன் இளைய பிளினி, ஏறக்குறைய கி.பி. 110-ஐ ஒட்டி, இன்றைய துருக்கியில் உள்ள பித்தினியாவுக்கு ஆளுநராகப் போனார். அங்கே சுரங்கத்துக்கும் வதைக்களத்துக்கும் தண்டிக்கப்பட்டவர்கள் சிலர், தண்டனையை அனுபவிக்காமல் நகராட்சி அடிமைகளாக மாறிச் சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். என்ன செய்வது என்று பேரரசர் டிராஜனைக் கேட்டார். டிராஜன் பதில்: பத்தாண்டுக்குள் தண்டனை பெற்றவர்களைத் திருப்பி அனுப்பு. அதற்கும் முந்தையவர்கள், வயதானவர்கள் என்றால், தண்டனையிலிருந்து அதிகம் விலகாத வேலைகளில் போடு. பொதுக் குளியலகங்கள், சாக்கடை சுத்தம், சாலைப் பணி. சாக்கடையில் இறங்குவது தண்டனைக்குப் பக்கத்து வீடு என்று பேரரசரே எழுதி ஒப்புக்கொண்ட காகிதம் இது.

கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலையில் புதைந்த ஹெர்குலேனியத்தில் இரண்டு சுவர்க் கிறுக்கல்கள் இருக்கின்றன. ஒன்றில், பேரரசர் டைட்டஸின் மருத்துவரான அப்போலினாரிஸ் இங்கே நன்றாகக் கழித்தார் என்று எழுதியிருக்கிறது. நாம் முன்பு பார்த்த 'கக்காரே' வினைதான். மருத்துவரே கிறுக்கினாரோ, வேறு யாராவது கிண்டல் செய்தார்களோ, பெயர் நிலைத்துவிட்டது. இன்று சுற்றுலாப் பயணிகளும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மற்றொன்று மூன்றே சொல்: ஸ்டெர்குஸ் அகற்றியது, 11 அஸ். அஸ் என்பது செப்புக்காசு. மலக்குழியைக் காலிசெய்த கூலிக் கணக்கு என்றே பொதுவாக இதை வாசிக்கிறார்கள். கழித்தவர் பெயர் இருக்கிறது, தொழில் இருக்கிறது, எசமான் பெயரும் இருக்கிறது. அள்ளியவருக்குத் தொகை மட்டும். நம் நகராட்சிகளின் ஒப்பந்தப் பட்டியலும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரோமை நம் ஊரோடு அப்படியே ஒட்டிவிட முடியாது. ரோமின் சாக்கடையில் இறங்கியவன் அடிமையாகவோ குற்றவாளியாகவோ இருந்தான். விடுதலை வாங்கிய அடிமையின் பேரன் நகரசபையில் உட்கார வாய்ப்பு இருந்தது. அப்படி உட்கார்ந்தவர்களும் உண்டு. சாதி அந்தக் கதவைப் பிறப்பிலேயே பூட்டுகிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதியது இதைத்தான். அடிமைமுறை நல்லது என்று இதற்குப் பொருளில்லை. ஒரு கொடுமையை இன்னொரு கொடுமைக்கு உவமையாக்கும்போது எங்கே உவமை நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் பிரித்தல் என்ற அந்த எண்ணம் லத்தீன் சொற்களின் வயிற்றிலேயே இருக்கிறது. தம்பி கேட்ட 'எக்ஸ்க்ரீட்டா'வுக்கு வருவோம். அதன் வேர் 'கெர்னெரே', சலித்தல். முன்னால் 'வெளியே' என்ற ஒட்டு. ஆக, சலித்து வெளியே தள்ளியது. நம்மூர்ச் சொல்லில் சலிப்புக்கப்பி. அதே வேரில் 'தனியே' என்ற ஒட்டைச் சேர்த்தால் தனியே பிரித்து வைத்தது, 'சீக்ரெட்'. அந்த இரகசியத்தைக் காப்பவர் செக்ரட்டரி. தலைமைச் செயலகமும் மலமும் ஒரே சல்லடையிலிருந்து விழுந்தவை என்று சொன்னால் அகராதி மறுக்காது. நாங்கள் அன்று வெகுநேரம் சிரித்தோம்.

சிரிப்பை நிறுத்திய சொல் 'ஃபைக்ஸ்'. மது ஜாடியின் அடியில் தங்கும் மண்டி. லத்தீனில் முதலில் இதற்கும் மலத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் மலத்தைக் குறிக்கும் முன்பே இது மனிதர்களைக் குறித்துவிட்டது. ரோமின் மேல்தட்டினர் நகரத்து ஏழைகளை, கூட்டமாகத் திரண்டு வாக்களித்தவர்களை, மக்களின் மண்டி என்றார்கள். சிசரோ தன் கடிதங்களில் தாராளமாகச் சொல்கிறார். தன் கூட்டாளி கேட்டோவைப் பற்றிக் குறைப்படும்போது (எருக்குழிக் கேட்டோவின் கொள்ளுப்பேரன்), அவர் பிளேட்டோவின் இலட்சிய நாட்டில் வாழ்வதுபோலப் பேசுகிறார், நாமோ ரோமுலஸின் மண்டியில் வாழ்கிறோம் என்கிறார். கெட்ட சொல்லுக்குக் கூசுகிற அதே சிசரோ. ஒரு நூலில், கிளவ்சியா என்ற அரசியல்வாதியை 'சபையின் சாணம்' என்று உருவகிக்கக் கூடாது, அது அருவருப்பு என்று பேச்சுக்கலை பாடமே எடுக்கிறார். சபைக்காரனைச் சொன்னால் அருவருப்பு. தெருக்காரனைச் சொன்னால் அரசியல்.

அந்த ஃபைக்ஸின் பன்மைதான் 'ஃபீசஸ்'. ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து மலத்துக்கான மருத்துவச் சொல். ஸ்பானிஷின் 'எசெஸ்', போர்த்துக்கீசியத்தின் 'ஃபெசெஸ்' இரண்டும் அதே வழி. இத்தாலியில் 'ஃபெச்சா' இன்றும் மண்டியைக் குறிக்கிறது. 'சமூகத்தின் ஃபெச்சா' என்பது அங்கே வழக்கமான வசை. நாம் நாகரிகம் என்று நினைத்து எடுத்துப் போடுகிற மருத்துவச் சொல், மனிதர்கள் மேல் வீசப்பட்டுத் திரும்பி வந்த சொல்.

இதற்கு எதிர்த்திசையில் போனவர் தாந்தே ஒருவரைத்தான் நாங்கள் பார்த்தோம். தன் காவியத்தின் நரகத்தில் மனித மலக்குழி ஒன்றை வைத்து, அதற்குள் யாரை அமிழ்த்தினார் தெரியுமா? முகத்துதி செய்தவர்களை. 'ஸ்டெர்கோ', 'மெர்தா' இரண்டையும் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். நம் ஊரில் அந்தக் குழி எத்தனை ஆழம் வெட்ட வேண்டியிருக்கும் என்பது தோழர்களின் கற்பனைக்கு.

கடைசியாக, லத்தீன் அல்லாத ஒரு சொல், ஆனால் இந்தக் கதையை விட்டுப் பிரிக்க முடியாதது. 'ஸ்கேவெஞ்சர்'. இடைக்கால லண்டனில் அது ஒரு பதவி. வெளியூர் வியாபாரி சந்தையில் பரப்பி வைக்கும் சரக்கைப் பார்வையிட்டு 'ஸ்கேவேஜ்' என்ற வரியை வாங்கும் அதிகாரி. 'காட்டுதல், பார்த்தல்' என்று பொருள்படும் ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. பிறகு தெருச் சுத்தத்தை மேற்பார்வையிடும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. அவர் கையில் துடைப்பம் கிடையாது. கூட்டி அள்ளியவர்களுக்கு 'ரேக்கர்' என்று வேறு பெயர். மேற்பார்வையாளனின் பெயர் மெல்ல மெல்ல அள்ளுபவர்மேல் இறங்கியது. கப்பலேறி இந்தியா வந்தபோது அதைப் பெற்றுக்கொள்ள ஏற்கெனவே சில சாதிகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. 'மேனுவல் ஸ்கேவெஞ்சர்' என்று நம் சட்டத்தில் படிக்கும்போது, வரி வசூலித்த ஒரு லண்டன் அதிகாரியின் நிழலும் அங்கே கிடக்கிறது.

2017-இல் திவ்யபாரதி தன் ஆவணப்படத்துக்குக் 'கக்கூஸ்' என்று பெயர் வைத்தார். படத்துக்குத் தடையும் வந்தது, வழக்கும் வந்தது. டச்சுக் கோட்டையிலிருந்து இறங்கிவந்த அந்தச் சொல்லை அவர் சுவரொட்டியில் பெரிதாக எழுதியபோது, ஊர் மூக்கைப் பொத்தியது சொல்லுக்காகவா, படத்தில் இறங்கிய மனிதர்களுக்காகவா என்று யோசிக்கலாம்.

எங்கள் அறிக்கை? அம்மாவின் வாக்குமூலத்தில் அவர் சொல்லையே வைத்தோம். எங்கள் வாக்கியங்களில் 'மலம்' என்று எழுதினோம். அதுவும் வடமொழியிலிருந்து வாங்கிய மறைப்புத்தானே என்று ஒரு தோழர் இன்னும் விடவில்லை. அச்சான பிறகு, பிரதியை எடுத்துக்கொண்டு அம்மாவின் தெருவுக்குப் போய் அவர் பகுதியை வாசித்துக் காட்டினோம். அந்தச் சொல் வந்த இடத்தில் எங்கள் குரல் கொஞ்சம் தயங்கியிருக்க வேண்டும். அவர் தலையை மட்டும் ஆட்டினார். முடியும்வரை கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான் கண்ணுகளா, மூணு மாசக் கூலி பாக்கின்னு சொன்னேனே, அது எங்க?" என்றார்.

புரட்டிப் பார்த்தோம். பின்னிணைப்பில், கடைசி அட்டவணையின் அடிக்குறிப்பில் இருந்தது.